கையொப்பமிடும் முன் எங்களுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்

வெளிநாட்டு வளங்கள் திணைக்களத்தின் அதிகாரிகளுக்கும், வடக்குக்கு உதவியும் கடனும் தருகிற நாடுகளின், வங்கிகளின் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் நீங்கள் நடத்தும் மக்கள் கலந்துரையாடல்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வந்து போகிறவள் நான். பெரும்பாலும் உங்களுக்கும் மக்களுக்கும் நடுவில், மேசையின் ஓரமாக ஒரு கதிரையில் இருப்பேன். நீங்கள் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வேன். அவர்கள் தமிழில் கேட்பதை ஆங்கிலத்தில் உங்களிடம் சேர்ப்பேன். பல வருடங்களாக இதுதான் என் வேலை. ஒரு கூட்டத்திலும் என் சொந்த வார்த்தையாக நான் எதையும் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. அதனால்தான் இந்த மடல்.

சில வருடங்களுக்கு முன்னர் வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் கூட்டம். வீதியை அகலித்து உயர்த்தி, இரு பக்கமும் கொங்கிரீட் வடிகான் கட்டும் திட்டம். எந்தத் திட்டம், யாருடைய பணம் என்று நான் எழுதப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் அது தங்களைப் பற்றியது இல்லை என்று இருந்துவிடுவார்கள். நாற்பது பேரளவில் வந்திருந்தார்கள். வாசலிலேயே வரவு இடாப்பில் ஒப்பம் வாங்கினார்கள். திரையில் வரைபடம் ஓடியது. எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொரு படமாக நான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கேள்வி நேரம் வந்ததும் பின்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி எழும்பினா. எழுபது வயது தாண்டியிருக்கும். "பிள்ளை, உந்தக் கான் வெள்ளத்தை எங்கை கொண்டுபோய் விடப்போகுது?" என்று கேட்டா. கடலுக்கு என்று ஆலோசகர் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. பிறகு, "அந்தத் தண்ணியெல்லோ எங்கட குளத்துக்கு வாறது? குளத்தில தண்ணி நிண்டால்தானே கிணத்தில நல்ல தண்ணி?" என்றா.

அந்த இரண்டு வசனங்களுக்குள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீரியல் முழுவதும் இருந்தது. எங்களுக்கு ஆறு கிடையாது. இருக்கிற ஒரே வழுக்கையாறும் மாரிக்கு ஓடிக் கோடைக்கு வற்றிவிடும். நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல். பெய்யும் மழை குளத்திலும் கேணியிலும் வயலிலும் நின்று, அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. அந்தப் படை மெலிந்தால் கிணறு உவராகும். மழைநீரை வேகமாகக் கடலுக்குக் கடத்துவது வேறோர் ஊரில் நல்ல பொறியியலாக இருக்கலாம். இங்கே அது கிணற்றைச் சாகவிடுவதற்குச் சமம்.

நான் ஆச்சி சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆலோசகர் தலையாட்டினார், குறித்துக்கொண்டார். தேத்தண்ணியும் ரோல்ஸும் வந்தன. கூட்டம் முடிந்தது.

மாதங்கள் கழித்து அந்தக் கூட்டத்தின் அறிக்கையின் சுருக்கம் தமிழாக்கத்துக்காக என்னிடமே வந்தது. "வடிகால் வசதியை மக்கள் வரவேற்றனர்" என்று ஒரு வரி இருந்தது. ஆச்சியின் கேள்வி எங்கும் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். முழு அறிக்கையில் இருக்கும், சுருக்கத்தில் எல்லாவற்றையும் போட முடியாது என்றார்கள். முழு அறிக்கையை நான் பார்க்கவில்லை. கேட்டும் தரவில்லை. அந்த வரியை அப்படியே தமிழாக்கி அனுப்பினேன். கான் கட்டப்பட்டது. இப்போது அந்தக் குளம் தை பிறக்க முன்னரே அடி தெரிகிறது.

நான் உதவிக்கு எதிரானவள் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் கேள்வி கேட்டாலே "வாற உதவியைக் கெடுக்கிறார்கள்" என்று ஒரு பேச்சு வந்துவிடும். 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி இந்தியக் கடனில் போட்ட தண்டவாளத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது புகையிரத மேடையில் நின்று அழுத சனத்தில் நானும் ஒருத்தி. யாழ். போதனா வைத்தியசாலையில் ஜப்பானின் நன்கொடையில் எழுந்த கட்டடத்தில் என் உறவினர்களுக்கு வைத்தியம் நடந்திருக்கிறது. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்த பிறகு பூநகரி எங்களுக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. இன்னும் பின்னால் போனால், அறுபதுகளில் நோர்வேக்காரரோடு சேர்ந்து தொடங்கிய சீநோர் மீன்பிடி நிறுவனம் இருக்கிறது. காரைநகரில் படகு, குருநகரில் வலை. வெளிநாட்டுக் கை பட்டு எங்கள் கரையில் நல்லது நடந்ததற்கு அதைவிடப் பழைய சாட்சி வேண்டாம்.

ஆகவே என் கேள்வி உதவி வேண்டுமா வேண்டாமா என்பதில்லை. எந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிய வருகிறது என்பதுதான்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளின் மின்சாரத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் இயந்திரத்தில் ஓடும் தீவுகளுக்குச் சூரிய ஒளியும் காற்றும் மின்கலமும் சேர்ந்த கலப்பு மின்சாரம். அருமையான யோசனை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவோடு நடந்த கேள்விப்பத்திரத்தில் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனம் தெரிவானது. தன் கரைக்கு இவ்வளவு கிட்ட சீன நிறுவனமா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனா திட்டத்தை இடைநிறுத்துவதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில், ஓர் இந்திய நிறுவனத்துடன் ஒப்பந்தம்.

இந்த மூன்று வருடக் கதையில் பெய்ஜிங் இருக்கிறது, டெல்லி இருக்கிறது, கொழும்பு இருக்கிறது. குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நிற்கிற ஒருவரையாவது தேடிப் பாருங்கள், அவர் இந்தக் கதையில் எங்கும் இல்லை. காற்றாலை எந்தக் காணியில் வரும், மின்கலம் பழுதானால் திருத்த ஆள் எங்கிருந்து வருவார், மின்கட்டணம் குறையுமா என்று அந்தத் தீவுகளில் மாறி மாறிக் கேட்கிறார்கள். எந்த நாடு கட்டுகிறது என்ற கேள்வி அவர்களிடமிருந்து எனக்கு ஒருமுறையும் வரவில்லை. பத்திரிகைகள் எழுதியதெல்லாம் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

வீட்டுத் திட்டங்களில் நான் கண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சரியான வழியும் பிழையான வழியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

இந்தியா 50,000 வீடுகள் தந்தது. அவற்றில் 46,000 அளவில் வடக்கு கிழக்கில். ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, கட்டட வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வந்தது. அத்திவாரம் போட்டால் ஒரு பங்கு, சுவர் எழும்பினால் இன்னொரு பங்கு. மேசன் யார் என்று வீட்டுக்காரர் தீர்மானித்தார். கதவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா தீர்மானித்தா. பணம் போதவில்லை, உண்மைதான். சீமெந்தும் மணலும் விலையேறி, கடன்பட்டு முடித்தவர்கள் பலர். அந்தக் குறையை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் அந்த வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். ஓர் அறையைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், முன்னால் பத்தி இறக்கியிருக்கிறார்கள், மல்லிகைப் பந்தல் போட்டிருக்கிறார்கள்.

பிறகு 2016 அளவில் இன்னொரு திட்டம் வந்தது. வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள். ஒரு பல்தேசிய உருக்கு நிறுவனம் செய்து கொண்டுவந்து பொருத்தும். ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. மாதிரி வீடும் கட்டிக் காட்டினார்கள். பார்க்கப் போன பெண்கள் முதலில் கேட்டது "அடுப்பு எங்கை?" என்று. விறகு வைத்து எரிக்கப் புகைபோக்கியோடு ஒரு குசினி இல்லை. இந்த வெயிலுக்கு உருக்குச் சுவர் என்ன செய்யும், உப்புக்காற்றில் எத்தனை வருடம் தாங்கும், பின்னால் ஓர் அறை சேர்க்கலாமா என்று கேட்டார்கள். பொறியியலாளர்கள் இதே கேள்விகளைக் கணக்கோடு எழுதினார்கள். அரசியல்வாதிகளும் சிவில் அமைப்புகளும் எதிர்த்தன. கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் வாய் திறந்ததால் நாடு பெரிய ஒரு கடனிலிருந்து தப்பியது. இதை நீங்கள் ஒரு தோல்வியாகப் பதிந்து வைத்திருந்தால் தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள். கலந்துரையாடல் என்பது இப்படித்தான் வேலை செய்ய வேண்டும். அது கையொப்பத்துக்கு முன்னரே நடந்திருந்தால் இத்தனை காலமும் வீணாகியிருக்காது, அவ்வளவுதான்.

தண்ணீருக்கும் இதே கதை. யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் அங்கீகாரம் கொடுத்தது. இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர். கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயலுக்கே போதாது என்றார்கள். அவர்கள் சொன்னது பிழையில்லை. யாழ்ப்பாணத்தாரின் தாகமும் பொய்யில்லை. ஒரே இனம், ஒரே துயரத்தைக் கடந்து வந்த இரண்டு மாவட்டங்கள், ஒரு திட்ட வரைபடத்தால் ஆளையாள் கோபத்தோடு பார்க்கும் நிலைக்கு வந்தோம். அந்த நாட்களில் இரண்டு பக்கக் கூட்டங்களிலும் மொழிபெயர்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே விதமாகக் கேட்டார்கள்: "இதை முதலே ஏன் எங்களிட்டைக் கேக்கேல்லை?"

இரணைமடு நடக்கவில்லை என்றதும் கடல்நீரை நன்னீராக்கும் வழிக்குத் திரும்பினார்கள். 2024 ஓகஸ்டில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் நிலையம் திறக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். குழாயில் நல்ல தண்ணீர் வரும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கடல்நீரை இந்த முறையில் வடிக்க ஒரு கனமீற்றருக்கு மூன்று, நான்கு அலகு மின்சாரமாவது போகும். நாளுக்கு எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட அலகு, முழு அளவில் ஓடினால். இந்த மின்கட்டணத்தை யார், எவ்வளவு காலம் கட்டப்போகிறார்கள்? வடிகட்டிய பின் மிஞ்சும் செறிவான உப்புநீர் கடலுக்குள் போகும் இடத்தில் மீன் எப்படி என்று வடமராட்சி கிழக்குத் தொழிலாளர்கள் தொடக்கத்திலிருந்தே கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குப் புரியும் தமிழில், அளவீடுகளோடு, யாராவது வருடா வருடம் போய்ச் சொல்கிறீர்களா? சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பு வந்த மண் இது. தண்ணீர் என்றால் எங்கள் சனம் பயந்துதான் கேட்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டங்களில் "உதவி" என்ற ஒரே சொல்லைத்தான் என்னிடம் மொழிபெயர்க்கத் தருகிறார்கள். நன்கொடையும் உதவி, கடனும் உதவி. இரண்டுக்கும் நடுவில் எங்கள் பிள்ளைகளின் எதிர்காலம் கிடக்கிறது. இந்தியாவின் கடன் வரிசையில், அதாவது ஒரு எல்லை வரை தேவைக்கேற்ப எடுக்கும் கடனில், வாங்கும் பணத்தில் பொதுவாக 75 வீதத்துக்கான பொருட்களும் சேவைகளும் அந்த நாட்டிலிருந்தே வர வேண்டும் என்று நிபந்தனை உண்டு. மற்ற நாடுகளும் தங்கள் கடனோடு தங்கள் ஒப்பந்தகாரரைச் சேர்த்து அனுப்புவது வழக்கம். இதில் ஒளிக்க எதுவும் இல்லை, உலகம் முழுக்க இப்படித்தான். ஆனால் வேலை தேடும் பெடியன் கூட்டத்துக்கு வந்து "எங்களுக்கு இதில எத்தினை வேலை?" என்று கேட்கும்போது இந்த நிபந்தனையை அவனுக்குச் சொல்ல வேண்டாமா?

காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கு 2018இல் 45.27 மில்லியன் டொலர் இந்தியக் கடன் என்றார்கள். 2024இல் 61.5 மில்லியன் டொலர், அதுவும் முழுக்க நன்கொடை என்றார்கள். நல்ல செய்தி, நன்றி. ஆறு வருடத்தில் கடன் எப்படி நன்கொடை ஆனது, தொகை ஏன் கூடியது, இடையில் மாறிய நிபந்தனைகள் எவை என்பதை அந்தத் துறைமுகத்தைச் சுற்றி 1990இல் இடம்பெயர்ந்து, இன்னும் காணி முழுவதும் திரும்பக் கிடைக்காமல் இருக்கும் வலிகாமம் வடக்குச் சனத்துக்குத் தமிழில் யாரும் எழுதித் தந்ததாக நான் காணவில்லை.

இந்த நாடு 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதன் பிறகு வந்த வரிகளில் வற் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். நெல்லியடியில் சவர்க்காரம் வாங்குகிறவரும் அதைக் கட்டுகிறார். அவர் எந்தக் கடனிலும் கையொப்பமிடவில்லை. எந்தக் கடன் பத்திரத்தையும் அவர் தன் மொழியில் பார்த்ததில்லை.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 9ஆம் பிரிவு இருக்கிறது. தகவல் கேட்டு விண்ணப்பிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். இந்தப் பிரிவு வேறு. யாரும் கேட்காமலேயே, ஒரு திட்டம் தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்னர், பொதுமக்களுக்கும் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் திட்டத்தின் தகவல்களை அறிவிப்பது அந்தத் துறைக்குப் பொறுப்பான அமைச்சரின் கடமை என்று அது சொல்கிறது. வெளிநாட்டுப் பணமென்றால் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட எந்தத் திட்டமும் இதற்குள் வரும். நான் மொழிபெயர்த்த திட்டங்களில் ஒன்றுகூட அந்த எல்லைக்குக் கீழே இல்லை. மூன்று மாதம் முன்னரே தமிழில் அறிவித்த ஒன்றைக்கூட நான் காணவில்லை. நான் பார்த்த அறிவித்தல் பலகைகள் எல்லாம் வேலை தொடங்கிய பிறகு, கொடிகளோடு, தொகையோடு நின்றவை.

திணைக்கள அதிகாரிகளே, உடன்படிக்கை வரைவு உங்கள் மேசைக்கு வருகிறது. அந்த நேரத்தில் அதன் சாரத்தைத் தமிழில் எழுதி எங்கள் பிரதேச செயலகங்களிலும் சனசமூக நிலையங்களிலும் ஒட்டச் செய்யுங்கள். பத்துப் பக்கம் வேண்டாம். கடனா நன்கொடையா, எவ்வளவு, வட்டி என்ன, எத்தனை வருடம், யாருடைய காணி, வேலை யாருக்கு, கட்டி முடிந்தபின் பராமரிப்புச் செலவு எந்தச் சபையின் தலையில். இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். எழுத ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம்.

வங்கிகளின் பிரதிநிதிகளே, உங்களிடம் முறைப்பாட்டு வழிகள் இருக்கின்றன. ஆசிய அபிவிருத்தி வங்கியிடம் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், தமிழிலேயே எழுதி முறையிடலாம். உலக வங்கிக்கு 1993 முதல் பரிசோதனைக் குழு ஒன்று உண்டு. இதை நான் உங்கள் ஆவணங்களை மொழிபெயர்க்கும்போதுதான் அறிந்தேன். ஒரு கூட்டத்திலாவது மேடையில் யாராவது இதைச் சொல்லி நான் மொழிபெயர்த்ததில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். வரவு இடாப்புக்குப் பக்கத்தில் அந்த முகவரியைத் தமிழில் அச்சடித்து வையுங்கள். அப்படி ஒரு வழியை வைத்திராத நாடுகள் தங்கள் துணைத் தூதரகத்தில் ஒரு மேசையாவது போட்டு, தமிழில் எழுதிய கடிதத்தை வாங்கி, தமிழில் பதில் தர வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்தியாவுக்குத் துணைத் தூதரகம் இருக்கிறது. நடந்து போகும் தூரம்தான் எங்களுக்கு.

இன்னொன்று. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டம் கேள்விப்பத்திரம் இல்லாமல் கொடுக்கப்பட்டு, விலையில் சர்ச்சையாகி, 2025 பெப்ரவரியில் முதலீட்டாளரே விலகிப் போனார். முதலீடும் போனது, நம்பிக்கையும் போனது. பொதுமேசையில் வைத்துக் கதைக்காத உடன்படிக்கை உங்களுக்கும் நட்டம்தான். நாங்கள் கேள்வி கேட்பதால் திட்டங்கள் பிந்துகின்றன என்று நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்று தீவுகளில் மூன்று வருடம் பிந்தியது எங்கள் கேள்வியால் அல்ல.

அந்த ஆச்சியிடம் போன மாசியில் போனேன். முற்றத்துக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, "குடிச்சுப் பார் பிள்ளை" என்றா. உவர்த்தது. சமையலுக்கு இப்போது பவுசர்த் தண்ணீர்தான். "அண்டைக்கு நான் கேட்டதை நீ வெள்ளைக்காரருக்கு வடிவாச் சொன்னனியோ?" என்று கேட்டா. சொன்னேன் ஆச்சி என்றேன். "அப்ப அவையள் என்ன சொன்னவை?"

அன்றைக்கு எழுதிய குறிப்புக் கொப்பி என்னிடம் இருக்கிறது. ஆச்சியின் கேள்வி ஒரு பக்கத்தில் தமிழிலும் அதன் கீழே ஆங்கிலத்திலும் இருக்கிறது. பதிலுக்கு விட்ட இடம் வெறுமையாக இருக்கிறது. அடுத்த முறை யாழ்ப்பாணம் வரும்போது அந்தக் குளத்தடிக்கு வாருங்கள். கான் கடலுக்குப் போகும் இடத்திலிருந்து ஒரு கிளை குளத்துக்கு வெட்டலாமா என்று உங்கள் பொறியியலாளர் பார்த்துச் சொல்லட்டும். ஆச்சி வீட்டுப் படலை திறந்துதான் இருக்கும். மொழிபெயர்க்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களின் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருத்தி,
யாழ்ப்பாணம்